தோம்பில் ஏறாத திருமணங்கள்

ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டி ஆண்ட காலத்தில் கரையோரக் கத்தோலிக்கச் சோடிகள் பலருக்கு இரண்டு தடவை கலியாணம் நடந்தது. முதலாவது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சீர்திருத்தச் சபை முறைப்படி, பாடசாலைத் தோம்பு என்ற பதிவேட்டில் பெயர் ஏறுவதற்காக. இரண்டாவது கோவாவிலிருந்து ஒளிந்து வந்த குருவானவர் ஒருவரின் முன்னால், மனச்சாட்சிக்காக. தோம்பில் ஏறாமல் குருவின் ஆசீர்வாதம் மட்டும் பெற்றவர்கள் அரசாங்கத்தின் கண்ணில் கணவன் மனைவி இல்லை. அவர்களின் பிள்ளைகளுக்கு முறையான வாரிசு என்ற நிலை இல்லை. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கம்பனி 1658இலேயே கட்டளையிட்டிருந்தது.

அந்தக் குருமாரில் பெரியவர் யோசேப் வாஸ் அடிகள். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் கெடுபிடி தாங்காமல் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்கு வந்து பணிபுரிந்தார். 1692இல் கண்டிக்குப் போனார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலி முகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். கரையோரப் பங்குகளில் அவரது பெயர் இன்றும் வீட்டுப் பெயர்போலப் புழங்குகிறது.

இந்த இரட்டை வாழ்க்கை 1806இல் முடிந்தது. ஆங்கிலேய ஆளுநர் தோமஸ் மெயிட்லண்ட் அந்த வருடம் பிறப்பித்த ஒழுங்குவிதி, கத்தோலிக்கர் தமது சமயத்தைத் தடையின்றிக் கைக்கொள்ளலாம், அரச பதவிகளுக்கும் வரலாம் என்றது. 1795 ஆகஸ்ட் முதல் கத்தோலிக்கச் சடங்கின்படி நடந்த திருமணங்கள் சட்டப்படி செல்லுபடியாகும் என்றும் அறிவித்தது. பதினொரு வருடக் கலியாணங்கள் ஒரே நாளில் கலியாணங்களாயின. அந்தச் சோடிகளின் உறவு முதல்நாள் எப்படி இருந்ததோ அப்படியே மறுநாளும் இருந்தது. மாறியது அரசாங்கத்தின் பதிவேடு.

சமயம் புனிதம் என்று ஏற்ற உறவை அரசு செல்லாது என்று தள்ளலாம். அரசு பதிந்த உறவைச் சமயம் ஏற்காமலும் விடலாம். புத்தளத்துக் கரை இதைப் பட்டு அறிந்தது. ஒருபாலினத்தவரின் திருமணத்தைப் பற்றி இலங்கையில் இன்று நடக்கும் வாதத்தில் இந்த அறிவு காணாமல் போயிருக்கிறது. வயதுவந்த இருவர் தம் விருப்பப்படி நெருங்கி வாழ்வது குற்றமா என்பது ஒரு கேள்வி. அந்த உறவை அரசு பதிவு செய்யலாமா என்பது வேறொரு கேள்வி. ஆலயமோ பள்ளிவாசலோ விகாரையோ அதை ஆசீர்வதிக்குமா, அத்தகைய ஈர்ப்புள்ள ஒருவரைத் தன் பணிக்கு ஏற்குமா என்பது முற்றிலும் இன்னொரு கேள்வி. இவை மூன்றும் ஒரே வலையில் சிக்கிக் கிடப்பதால், முதலாவதைக் கேட்டவருக்கு மூன்றாவதன் பதில் கிடைக்கிறது.

சட்டத்தின் நிலை இதுதான். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, இயற்கை முறைமைக்கு மாறான உடலுறவு என்று தான் அழைப்பதற்குப் பத்து வருடம் வரை சிறை விதிக்கிறது. 365அ பிரிவு, பாரதூரமான இழிசெயல் என்ற பெயரில் இரண்டு வருடம் வரை விதிக்கிறது. எது இழிசெயல் என்று பிரிவு விளக்கவில்லை. விளக்காத சொல்லில் பொலிஸின் கை நீளும். மெக்கோலே வகுத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்த இந்த ஏற்பாடுகளை நமது பண்பாட்டின் காவல் என்று மேடைகளில் பேசுபவர்கள், அவற்றை எழுதியவர்கள் விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அதே ஆங்கிலேயர் தமது இங்கிலாந்தில் 1967இலேயே, வயதுவந்த ஆண்கள் தனிமையில் சம்மதத்தோடு கூடுவதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இலங்கை எதிர்த் திசையில் நடந்தது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது 365அ பிரிவை நீக்கும் வாய்ப்பு பாராளுமன்றத்தின் கையில் இருந்தது. அதுவரை ஆண்களை மட்டும் குறித்த பிரிவு, அந்தத் திருத்தத்தின் பின் பெண்களையும் குறிப்பதாயிற்று. ஒருபாலினத்தவரின் உரிமைகளுக்காகக் குரல் கொடுக்கும் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பின் நிறுவுனர் ரொசானா ஃபிளேமர் கல்தேரா இதை ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் குழுவிடம் கொண்டுபோனார். பெண்களுக்கிடையிலான விருப்பபூர்வமான உறவைக் குற்றமாக்குவது அவரது உரிமைகளை மீறுகிறது என்று அந்தக் குழு 2022இல் முடிவு சொன்னது.

இந்தியாவில் நடந்ததுபோல ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் இந்தப் பிரிவுகளை இங்கே துடைக்க முடியாது. பழைய எழுத்துச் சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் தொடர்ந்து செல்லும் என்கிறது அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் வயதுவந்த இருவர் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் சிறைத்தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. சம்மதத்தோடு நடப்பதை அரசு கண்காணிக்கத் தேவையில்லை என்பதே இன்றைய சிந்தனை என்று நீதியரசர் புவனேக அலுவிஹாரே தமது தீர்ப்பில் எழுதினார். ஆனால் சட்டம் சட்டமாக இருப்பதால் குற்றத்தீர்ப்பை அழிக்கவில்லை.

வழி பாராளுமன்றத்திலேயே இருந்தது. பிரேம்நாத் தொலவத்த என்ற உறுப்பினர் 2022இல் தனிநபர் சட்டமூலம் ஒன்றைத் தயாரித்தார். 2023இல் அது வர்த்தமானியில் வந்ததும் உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் குவிந்தன. பௌத்தத்துக்கு முதன்மை இடமளிக்கும் 9ஆம் உறுப்புரைக்கு இது முரண், பிள்ளைகளுக்கு ஆபத்து, நோய் பரவும் என்றெல்லாம் எதிர்த்தவர்கள் வாதிட்டார்கள். ஆதரித்து இடையீட்டு மனுச் செய்தவர்களும் பலர். பிரதம நீதியரசர் ஜயந்த ஜயசூரிய தலைமையிலான மூவர் அமர்வின் முடிவைச் சபாநாயகர் 2023 மே 9ஆம் திகதி அவைக்கு அறிவித்தார்: சட்டமூலத்தின் எந்த ஏற்பாடும் அரசியலமைப்புக்கு முரண் இல்லை. இத்தகைய திருத்தம் மனித மாண்பை வளர்க்கவே செய்யும் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

அந்தச் சட்டமூலத்தில் திருமணம் என்ற பேச்சே இல்லை. சிறைக் கதவைத் திறப்பது மட்டுமே அதன் வேலை. ஆனாலும் அதைச் சுற்றி எழுந்த பேச்சு முழுதும் கலியாணம், குடும்பம், கோவில், கலாசாரம் என்றே சுழன்றது.

புத்தளம் மாவட்டக் கரை இந்தப் பேச்சுக்கு வெளியே இல்லை. மா ஓயாவுக்கு வடக்கே வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, புத்தளம், கற்பிட்டி என்று நீளும் இந்தக் கரையில் நாட்டின் நான்கு சமயங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வாழ்கின்றன. தலவில அன்னம்மாளின் மார்ச், ஆகஸ்ட் திருவிழாக்களுக்குப் பிற சமயத்தவரும் நேர்த்திக்கடனோடு வருகிறார்கள். முன்னேஸ்வரத்தில் சிங்கள பௌத்தர்கள் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். உடப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் ஆயிரமாயிரமாய் வந்து தங்கியதும் புத்தளத்தில்தான்.

இத்தனை சமயம் இருக்கிற இடத்தில் கலியாணச் சட்டமும் பலவாக இருப்பதில் வியப்பில்லை. கத்தோலிக்கரும் இந்துக்களும் பெரும்பாலான சிங்களவரும் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். பதிவுபெற்ற தேவாலயத்தில் குருவானவர் நடத்தும் திருமணத்துக்கு அந்தச் சட்டமே வலுக் கொடுக்கிறது. முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். கண்டியச் சிங்களவருக்குத் தனிச் சட்டம். இவற்றில் எதிலும் ஒருபாலினச் சோடிக்கு இடமில்லை. எல்லாமே ஆண் தரப்பு, பெண் தரப்பு என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை.

கலியாணச் சட்டத்தைத் தொட்டாலே சமயத்தைத் தொட்டதாகிவிடும் என்ற அச்சம் எவ்வளவு பலமானது என்பதைப் புத்தளத்து முஸ்லிம் பெண்கள் நன்றாக அறிவார்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்ச வயதை நிர்ணயிக்கவில்லை. காதி நீதவானாக ஆண் மட்டுமே வரலாம். மணமகளின் கையெழுத்து பதிவுக்குத் தேவையில்லை. இவற்றை மாற்றக் கோரி புத்தளத்தில் இயங்கும் முஸ்லிம் பெண்கள் அபிவிருத்தி நம்பிக்கை நிதியம் போன்ற அமைப்புகள் வருடக்கணக்கில் குரல் கொடுத்து வருகின்றன. அவர்களின் கோரிக்கைக்கும் ஒருபாலினத் திருமணத்துக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெண்களில் பலர் அதை ஏற்கவும் மாட்டார்கள். ஆனால் அவர்கள் எழுப்பும் கேள்வி இங்கேயும் பொருந்தும். ஒரு சமூகத்தின் பெயரால் பேசுகிறவர், அந்தச் சமூகத்தில் அந்தச் சட்டத்தால் அடிபடுகிறவர் சொல்வதைக் கேட்டாரா?

எதிர்ப்பவர்களின் மனநிலையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2025 செப்டெம்பரில், தன்பாலீர்ப்பு உடைய பயணிகளை வரவேற்கும் ஈக்குவல் கிரவுண்டின் திட்டமொன்றுக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை ஆதரவு தெரிவித்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். மகாநாயக்க தேரர்களும் ஆட்சேபம் தெரிவித்தார்கள். சுற்றுலாவின் பெயரால் பிள்ளைகள் சுரண்டப்பட்ட கதைகள் இந்த நாட்டின் கரையோரத்துக்குப் புதியவை இல்லை. காற்றாடிச் சறுக்கலுக்காக வெளிநாட்டார் வந்திறங்கும் கற்பிட்டியில் ஒரு தாய் அதை நினைத்துப் பயப்படுவதை மடமை என்று தள்ளிவிடக் கூடாது. ஆனால் பிள்ளைகளைச் சுரண்டுவதற்கு எதிரான சட்டம் வேறு, அது கடுமையாக இருக்கத்தான் வேண்டும். வயதுவந்த இருவரின் சம்மதத்தை அதோடு முடிச்சுப் போடுவது அந்தப் பிள்ளைகளுக்கும் உதவாது, அந்த இருவருக்கும் நியாயம் ஆகாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையே இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியிருக்கிறது. 2023 ஜனவரியில் ஒரு செய்தி நிறுவனத்துக்கு அளித்த பேட்டியில் பாப்பரசர் பிரான்சிஸ், தன்பாலீர்ப்பு உடையவராயிருப்பது குற்றம் இல்லை என்றார்; பாவத்தையும் குற்றத்தையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார்; அதைக் குற்றமாக்கும் சட்டங்களை ஆதரிக்கும் ஆயர்களுக்கு மனமாற்றம் தேவை என்றும் சொன்னார். அவர் திருச்சபையின் திருமணப் போதனையில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. மெய்விவாகம் என்ற அருட்சாதனம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக நின்றார். தலவிலவில் மெழுகுதிரி ஏற்றும் ஒரு கத்தோலிக்கர் அந்தப் போதனையை முழுமனதோடு ஏற்றுக்கொண்டே 365அ பிரிவை நீக்கச் சொல்லலாம் என்பது இதிலிருந்து தெளிவு.

2023 டிசெம்பர் 18இல் வத்திக்கான் வெளியிட்ட பிதுச்சியா சுப்ளிக்கான்ஸ் என்ற அறிக்கை இன்னும் ஓர் அடி போனது. ஒருபாலினச் சோடி கேட்டால் குருவானவர் எளிய ஆசீர்வாதம் வழங்கலாம் என்றது. கூடவே பல வேலிகளையும் போட்டது. வழிபாட்டுச் சடங்காக அது இருக்கக் கூடாது, திருமணத்துக்குரிய உடையோ சொல்லோ சைகையோ கூடாது, அரச பதிவோடு சேர்த்து நடத்தக் கூடாது. அடுத்த ஜனவரியில் வந்த விளக்கக் குறிப்பு, அந்த ஆசீர்வாதம் பத்துப் பதினைந்து வினாடிகளில் முடியும் ஒன்று என்றது. அந்தப் பதினைந்து வினாடியையும் ஆபிரிக்க ஆயர்கள் ஏற்கவில்லை. ஐரோப்பாவில் பலர் அது போதாது என்றார்கள். அந்த அறிக்கைக்கு ஏறக்குறைய மூன்று வருடம் முன்னர், 2021 மார்ச்சில், பாவத்தைக் கடவுளால் ஆசீர்வதிக்க முடியாது என்று அதே வத்திக்கான் அலுவலகம்தான் எழுதியிருந்தது. திருச்சபை அசைவதே இல்லை என்பவர்களும் அவசரமாக எல்லாம் மாறிவிடும் என்பவர்களும் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இந்தக் கரைக்கு இத்தாலி தூரத்து நாடு இல்லை. வென்னப்புவவைச் சின்ன இத்தாலி என்று அழைக்கும் அளவுக்கு அங்கிருந்து குடும்பம் குடும்பமாக இத்தாலிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே உழைத்த காசில் இங்கே வீடுகள் எழும்பியிருக்கின்றன. பாப்பரசரின் வாசற்படியில் இருக்கும் அந்த நாடு 2016 மே மாதம் ஒருபாலினச் சோடிகளுக்குச் சிவில் ஒன்றியம் என்ற பதிவை ஏற்படுத்தியது. திருமணம் என்ற பெயரைக் கொடுக்கவில்லை. வாரிசுரிமை, ஓய்வூதியம், வைத்தியசாலையில் துணையைப் பார்க்கும் உரிமை போன்றவற்றைக் கொடுத்தது. ஆலயம் தன் பீடத்தில் எதையும் மாற்றவில்லை. மிலானிலோ ரோமிலோ முதியோரைப் பராமரிக்கும் வேலை பார்க்கும் கரையோரத்துக் கத்தோலிக்கர் அந்த இரண்டையும் ஒரே தெருவில் பார்த்து வாழ்கிறார்கள். பதிவகத்தில் ஒரு நியாயம், பக்கத்துக் கோவிலில் இன்னொரு நியாயம். அவர்களின் விசுவாசம் அதனால் இடிந்து போகவில்லை.

இனி அழைத்தலின், அதாவது சமயப் பணிக்கு ஒருவர் ஏற்கப்படுவதன், விடயம். இதுதான் மூன்றில் கடினமானது. வெளியே இருப்பவர் தீர்ப்புச் சொல்லத் தயங்க வேண்டியதும் இதுவே.

புத்தளம் மாவட்டக் கரை சிலாபம் மறைமாவட்டத்துக்குள் வருகிறது. 1939இல் உருவான அந்த மறைமாவட்டத்தின் மீனவ ஊர்களிலிருந்து குருக்களாகவும் கன்னியர்களாகவும் போனவர்கள் ஏராளம். ஒரு வீட்டில் ஒரு பையன் சின்னக் குருமடத்தில் சேர்ந்தால் அது ஊருக்கே பெருமை. அங்கிருந்து கண்டி அம்பிட்டியவில் உள்ள தேசிய குருமடம், தத்துவமும் இறையியலுமாகப் பல வருடம், பிறகு தியாக்கோன் பட்டம், அதன் பின் குருப்பட்டம். கலியாணம் வேண்டாம் என்று இருக்கும் பையனை ஊர் இரண்டு இடத்தில் மட்டும்தான் கேள்வி கேட்காமல் விடும்: கடலுக்கப்பால் வேலைக்குப் போயிருந்தால், அல்லது குருமடத்துக்குப் போயிருந்தால். தன்னைப் பற்றி வெளியே சொல்ல முடியாத ஒரு பையனுக்கு அங்கி ஒரு மறைவிடமாகத் தோன்றலாம். அதே பையனுக்கு உண்மையான அழைத்தலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது அவனுக்கே கடினம்.

திருச்சபை 2005 நவம்பரில் இதற்கு ஒரு விதி எழுதியது. தன்பாலினச் செயலில் ஈடுபடுகிறவர்கள், ஆழ வேரூன்றிய அத்தகைய நாட்டம் உள்ளவர்கள், அந்தக் கலாசாரத்தை ஆதரிக்கிறவர்கள் ஆகியோரைக் குருமடத்தில் சேர்க்கவோ குருப்பட்டத்துக்கு அனுமதிக்கவோ கூடாது என்றது. தற்காலிகக் குழப்பம் என்றால், தியாக்கோன் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடம் முன்னதாகவே அது தீர்ந்திருக்க வேண்டும் என்றது. 2016இல் வந்த குருத்துவப் பயிற்சி விதிகள் அதையே மறுபடி சொல்லின.

இங்கே எழும் கேள்வி எளிமையானது. இங்கே கத்தோலிக்கக் குருமார் பிரமச்சாரிகள். ஆணையும் மணப்பதில்லை, பெண்ணையும் மணப்பதில்லை. அப்படியிருக்க எந்தப் பக்கம் ஈர்ப்பு என்பது ஏன் முக்கியம்? திருச்சபையின் பதில், ஆண்களோடும் பெண்களோடும் சரியான உறவு பேணத் தேவையான உணர்வுப் பக்குவம் பற்றியது. இந்தப் பதிலால் பலர் திருப்தியடைந்ததில்லை. தூய்மை என்பது ஒருவர் தன் ஈர்ப்பை எப்படி ஆளுகிறார் என்பதில் இருக்கிறது என்றால், பிறப்பில் வந்த ஈர்ப்பையே தடையாக்குவது அந்தத் தத்துவத்தோடு ஒட்டவில்லை. இந்த எழுத்தாளரின் மனமும் அந்தப் பக்கமே சாய்கிறது. 2025 ஜனவரியில் இத்தாலிய ஆயர்கள், வத்திக்கானின் சம்மதத்தோடு, மூன்று வருடப் பரீட்சார்த்தமாகப் புதிய வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டார்கள். 2005ஆம் ஆண்டு விதியை அவர்கள் நீக்கவில்லை. ஆனால் ஒருவரின் அழைத்தலைத் தேர்ந்தறியும்போது இந்த ஓர் அம்சத்துக்குள் மட்டும் அவரைச் சுருக்கக் கூடாது, முழு மனிதனாகப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

மற்றச் சபைகள் வேறு பாதையில் போய் வேறு விலை கொடுத்தன. 2003 நவம்பரில் ஜீன் ரொபின்சன், ஓர் ஆணோடு வாழ்வதை மறைக்காமலே, அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையில் நியூ ஹாம்ப்ஷயரின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அன்று தொடங்கிய பிளவு உலக அங்கிலிக்கன் ஐக்கியத்தில் இன்னும் ஆறவில்லை. இங்கிலாந்துச் சபை 2023 டிசெம்பரில் ஒருபாலினச் சோடிகளுக்கான ஆசீர்வாத மன்றாட்டுகளை அனுமதித்தது, திருமணத்தை அனுமதிக்கவில்லை. கன்டர்பரிப் பேராயரின் நேரடிப் பார்வையில் இருக்கும் இலங்கைத் திருச்சபைக்கும் அந்த விவாதம் தூரத்து விவாதம் இல்லை.

பௌத்தத்தில் இந்தக் கேள்வியின் எடை இடம் மாறி நிற்கிறது. கலியாணம் அங்கே அருட்சாதனம் இல்லை, உலக வழக்கு. பிக்கு பிரித் ஓதி ஆசி கூறலாம், மணமுடித்து வைப்பதில்லை. ஆகவே அரசு யாரைப் பதிவு செய்கிறது என்பதில் சாசனத்துக்கு நேரடி வேலை குறைவு. துறவுக்கு வரும்போதுதான் கதவு இறுகுகிறது. உபசம்பதா என்ற முழுத் துறவேற்பு வேளையில் கேட்கப்படும் கேள்விகளில் மனிதனா, ஆணா, கடனில்லாதவனா, பெற்றோரின் சம்மதம் உண்டா என்பவை உண்டு. பண்டகர் எனப்படுவோருக்குத் துறவு கூடாது என்கிறது துறவியர் ஒழுக்க நூலான விநயம். அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அதே விநயத்தில், ஒரு பிக்குவின் உடல் பெண்ணுடலாக மாறியபோது அவரைப் பிக்குணிகளோடு வாழப் புத்தர் அனுமதித்த நிகழ்ச்சியும் இருக்கிறது. 2012 ஆகஸ்டில் தாய்வானில் பிக்குணி ஷி சாவ்ஹுவெய் இரண்டு பெண்களின் பௌத்தத் திருமணத்தைத் தலைமையேற்று நடத்தினார். 2019இல் அந்த நாட்டின் சட்டமும் மாறியது.

இஸ்லாத்தில் குருப்பட்டம் என்ற ஒன்று இல்லை. நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். லூத் நபியின் வரலாற்றை ஆதாரமாக வைத்து உலமாக்களில் மிகப் பெரும்பாலோர் ஒருபாலின உறவைத் தடுக்கப்பட்டது என்றே சொல்கிறார்கள். வேறு விதமாக வாசித்தவர்கள் சிலர் உண்டு. அவர்களில் ஒருவரான தென்னாபிரிக்க இமாம் முஹ்சின் ஹெண்ட்ரிக்ஸ் 2025 பெப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கருத்தை ஏற்காதவர்களும் அந்தக் கொலையை நியாயப்படுத்த முடியாது.

உடப்பின் திரௌபதை அம்மனுக்கு உரிய பாரதக் கதையில்தான் அரவானும் வருகிறான். தமிழ்நாட்டுக் கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கையர் அவனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். ஒருபாலினத் திருமணம் வேறு, திருநங்கையரின் திருமணம் வேறு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் தமிழர் வழிபாட்டுக்குள் இவர்களுக்கு இடமே இருந்ததில்லை என்ற பேச்சு கூவாகத்தின் முன் நிற்காது. சகுந்தலா தேவி 1977இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்காக ஸ்ரீரங்கத்துப் பட்டர் ஸ்ரீநிவாச ராகவாச்சாரியாரிடம் கருத்துக் கேட்டபோது, அத்தகைய காதலர் முற்பிறவியில் ஆணும் பெண்ணுமாய் இருந்திருப்பார்கள், பிறவியில் பால் மாறினாலும் ஆன்மா மாறாது என்ற பொருளில் அவர் விளக்கம் சொன்னார். ஒரே தலைமைப்பீடம் இல்லாத சமயத்தில் இப்படி ஒரு குரல் எழுவதும் இயல்பு, அதைப் பலர் ஏற்காததும் இயல்பு.

பாக்கு நீரிணைக்கு அப்பால் சட்டம் ஏற்கெனவே சில படிகள் ஏறிவிட்டது. 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் கூரை முறித்தது. 2019 ஏப்ரலில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தீர்ப்பளித்தார். 2021இல் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் முன் இரண்டு பெண்களின் வழக்கு வந்தது. இந்த விடயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்பதால் உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே அவர் தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதி அப்படிச் செய்ததையும், செய்ததை மறைக்காமல் எழுதியதையும் இந்த விவாதத்தில் ஈடுபடும் குருமாரும் தேரர்களும் உலமாக்களும் கவனிக்க வேண்டும்.

திருமணத்தில் மட்டும் இந்தியா நின்றுவிட்டது. 2023 ஒக்டோபர் 17இல் ஐந்து நீதிபதிகளும் திருமணம் செய்வது அடிப்படை உரிமை இல்லை, அது பாராளுமன்றம் தீர்க்க வேண்டியது என்றார்கள். 2025 ஜனவரியில் மறுபரிசீலனை மனுக்களும் தள்ளுபடியாகின. அதே வருடம் மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, பெற்றோர் பிரித்து வைத்த ஒரு பெண்ணைத் தன் தோழியோடு போக விடுவித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி இல்லை என்றது.

நம்மவர்கள் புலம்பெயர்ந்து வாழும் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா எல்லாவற்றிலும் ஒருபாலினத் திருமணம் சட்டமாகிவிட்டது. நேபாளம் 2023 நவம்பரில் ஒரு சோடியைப் பதிவு செய்தது. தாய்லாந்தில் 2025 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டில் பதிவு செய்த ஒரு சோடி கட்டுநாயக்கவில் இறங்கியதும் சட்டத்தின் கண்ணில் அந்நியர்கள். ஒருவர் சிலாபம் வைத்தியசாலையில் கிடந்தால் மற்றவர் தம்மைச் சொந்தக்காரர் என்று சொல்ல முடியாது. ஒருவர் இறந்தால் இருவரும் சேர்ந்து கட்டிய வீட்டில், மரணசாசனம் இல்லாத பட்சத்தில், மற்றவருக்கு உரித்து இல்லை. ஒல்லாந்தர் காலத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பட்ட அதே வழக்கு, அதே காணிச் சிக்கல்.

இதற்கு ஆலயத்தின் அருட்சாதனத்தை மாற்றத் தேவையில்லை. எந்தச் சமயத்தையும் தன் பீடத்தில் இவர்களை நிறுத்தும்படி அரசு கட்டாயப்படுத்தவும் கூடாது. யாருக்கு அழைத்தல் உண்டு என்பதைச் சபைகள் தமக்குள் தீர்க்கட்டும். அப்படித் தீர்க்கும் அறையில், அந்த ஈர்ப்போடு பிறந்து அந்தச் சபையை நேசிப்பவர்களும் பயமின்றிப் பேச இடமிருக்க வேண்டும். பேசினால் சிறை என்று சட்டம் மிரட்டும் வரை அவர்கள் அந்த அறைக்கு வரமாட்டார்கள். ஆகவே முதல் வேலை தண்டனைச் சட்டக்கோவையில்தான்.

2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது தொலவத்தவின் சட்டமூலம் விவாதத்துக்கே வராமல் காலாவதியானது. உயர் நீதிமன்றத்தின் 2023ஆம் ஆண்டுத் தீர்மானம் காலாவதியாகவில்லை. அதன்படி இத்தகைய திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டாம், மக்கள் தீர்ப்பும் வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும். தனிநபர் சட்டமூலத்தை எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம். புத்தளம் மாவட்டம் எட்டுப் பேரைத் தெரிவு செய்து அங்கே அனுப்பியிருக்கிறது.